எவிந்தெ: உன் வீட்டிலா, அவர் வீட்டிலா?

துருக்கி மொழி பயிலத் தொடங்கிச் சில மாதங்களான ஒருவரின் கேள்வி இது: “‘எவிந்தெ’ என்ற சொல்லுக்கு ஒரு பயிற்சியில் ‘உன் வீட்டில்’ என்று பொருள் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த பயிற்சியில் அதே சொல் ‘அவர் வீட்டில்’ ஆகிவிடுகிறது. ‘எவின்’ என்றால் ‘வீட்டின்’ என்கிறார்கள், ‘உன் வீடு’ என்றும் சொல்கிறார்கள். ஆறாம் வேற்றுமை உருபு ஒன்று தனியாக இருக்கும்போது உடைமைக்கென்று இன்னொரு விகுதி எதற்கு? இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்தறிய வழி உண்டா?”

இரண்டு பயிற்சிகளுமே சரி. ‘எவிந்தெ’ என்பது ‘உன் வீட்டில்’ என்றும் பொருள்படும், ‘அவர் வீட்டில்’ என்றும் பொருள்படும். ஆனால் இரண்டும் ஒரே சொல்லல்ல, வெவ்வேறு துண்டுகளால் ஆகித் தற்செயலாக ஒரே ஓசையில் வந்து முடிந்த இரண்டு சொற்கள். அது எப்படி நேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் வேற்றுமை உருபும் உடைமை விகுதியும் செய்யும் வேலை வேறு வேறு என்பது தெளிவாக வேண்டும்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நம் எழுத்து இந்த மொழிக்காக ஏற்பட்டதன்று என்பதால் இரண்டொரு விவரங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். துருக்கியில் எட்டு உயிரொலிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, நாக்கின் பின்பகுதி மேலெழ, இதழ் குவியாமல் பிறப்பது. ஐரோப்பிய மாணவர்கள் பலர் திணறும் அந்த ஒலி நமக்குப் புதிதன்று. ‘காடு’, ‘பட்டு’ ஆகிய சொற்களின் இறுதியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் ஏறத்தாழ அதுவே. ஆகவே அதையும் உகரமாகவே எழுதுகிறேன். இதழைக் குவித்துச் சொல்லும் இகரம், எகரம் என இரண்டு உண்டு. அவை இங்கே உ, ஒ என்று வந்துள்ளன. தகரம் வல்லோசையா மெல்லோசையா என்பது பக்கத்து ஒலியைப் பொறுத்தது. ‘இல்’ என்னும் பொருள் தரும் ‘தெ’ உருபு, உயிரையும் ‘வ்’ போன்ற ஒலிகளையும் அடுத்து வரும்போது ‘பந்து’ என்பதில் உள்ள தகரமாகவும், ‘ப்’, ‘க்’ போன்ற வல்லொலிகளை அடுத்து வரும்போது ‘பத்து’ என்பதில் உள்ள தகரமாகவும் ஒலிக்கும். துருக்கியர் இதை இரண்டு வெவ்வேறு எழுத்துகளால் எழுதுகிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த மாற்றமே கண்ணில் படுவதில்லை.

உருபுகளின் உயிரும் அடிச்சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து மாறும். வீடு என்னும் ‘எவ்’ என்பதன் பன்மை ‘எவ்லெர்’. புத்தகம் என்னும் ‘கித்தாப்’ என்பதன் பன்மை ‘கித்தாப்லர்’. வீட்டில் என்பது ‘எவ்தெ’. புத்தகத்தில் என்பது ‘கித்தாப்தா’. இந்த உயிர் இசைவைப் பற்றி இதற்குமேல் இங்கே விரிக்கத் தேவையில்லை. (தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் ‘கிதாபு’தான் இந்தக் ‘கித்தாப்’, இரு மொழிகளுமே அரபியிலிருந்து பெற்றவை.)

இனி வேற்றுமை. துருக்கி இலக்கணங்கள் பொதுவாக ஆறு வேற்றுமைகளைச் சொல்கின்றன. உருபேற்காத ‘எவ்’ நம் எழுவாய் வேற்றுமை. ‘எவி’ (வீட்டை), ‘எவெ’ (வீட்டுக்கு), ‘எவ்தெ’ (வீட்டில்), ‘எவ்தென்’ (வீட்டிலிருந்து), ‘எவின்’ (வீட்டின்) என்பவை மற்ற ஐந்து. ‘ஓடு’, ‘ஆல்’ இரண்டின் வேலையையும் செய்யும் ‘லெ’ என்ற ஒன்றும் உண்டு. அது ‘இலெ’ என்று தனிச்சொல்லாகவும் நிற்கும் என்பதால் சிலர் அதை வேற்றுமைக் கணக்கில் சேர்ப்பதில்லை. துருக்கிப் பள்ளிகளில் இவற்றை ‘இ நிலை’, ‘எ நிலை’, ‘தெ நிலை’, ‘தென் நிலை’ என்று உருபின் பெயராலேயே அழைக்கும் வழக்கம் உள்ளது. வேற்றுமைக்கு உருபையே பெயராக வைக்கும் வழக்கம் தொல்காப்பியத்திலும் இருப்பதால் தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ஆறாம் வேற்றுமையாகிய ‘இன்’ மட்டும் பள்ளிப் பாடத்தில் இந்த வரிசையில் சேராமல், உடைமைத் தொடரைப் பற்றிய பாடத்தில் தனியாக வரும். அது ஏன் அங்கே வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இருக்கிறது.

உடைமை விகுதி வேற்றுமை அன்று; அது இடம் காட்டும் விகுதி. தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்று இடங்களையும் நாம் வினையில் காட்டுகிறோம்: வந்தேன், வந்தாய், வந்தார். துருக்கியும் வினையில் காட்டுகிறது: ‘கெல்திம்’, ‘கெல்தின்’, ‘கெல்தி’. அதோடு நிற்காமல் பெயரிலும் காட்டுகிறது: ‘எவிம்’ (என் வீடு), ‘எவின்’ (உன் வீடு), ‘எவி’ (அவர் வீடு), ‘எவிமிஸ்’ (எங்கள் வீடு), ‘எவினிஸ்’ (உங்கள் வீடு), ‘எவ்லெரி’ (அவர்களின் வீடு). வினைமுற்றின் இறுதியையும் பெயரின் இறுதியையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒருமை மூன்றிலும் ஒரே இசை கேட்கும். ‘வீடு-ஏன்’, ‘வீடு-ஆய்’ என்று நாமும் சொல்லியிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. எனவே ‘இம்’ என்பதை ‘என்னுடைய’ என்று மனத்துக்குள் மொழிபெயர்ப்பதைக் காட்டிலும், அந்தப் பெயர் தன்மையில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது. ‘நான்’ சொல்லாமலே ‘வந்தேன்’ முழுமை பெறுவது போல, ‘பெனிம்’ (என்னுடைய) சொல்லாமலே ‘எவிம்’ முழுமை பெறும். ‘பெனிம் எவிம்’ என்று சொன்னால், ‘பிறர் வீடன்று, என் வீடு’ என்னும் அழுத்தம் வந்துவிடும்.

தமிழில் இப்படி ஒன்று அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சங்க இலக்கிய உறவுச்சொற்களில் இருந்தது. எந்தை, நுந்தை, தந்தை என்பவை முறையே என் தந்தை, உன் தந்தை, அவர் தந்தை. யாய், ஞாய், தாய் என்பவையும் அப்படியே. எங்கை, நுங்கை, தங்கை என்பவையும் அப்படியே. பிற்காலத்தில் படர்க்கை வடிவம் மட்டும் எஞ்சி, ‘என் தந்தை’, ‘உன் தங்கை’ என்று சொல்லத் தொடங்கிவிட்டோம். துருக்கியில் இன்றும் ஒரு குழந்தையிடம் பேசும்போது ‘அன்னெம்’ (என் தாய்), ‘அன்னென்’ (உன் தாய்), ‘அன்னெஸி’ (அவர் தாய்) என்றுதான் பிரித்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்லின் முன்பக்கம் காட்டினோம், அவர்கள் பின்பக்கம் காட்டுகிறார்கள். (‘அன்னெ’யும் ‘அன்னை’யும் ஒலியில் ஒத்திருப்பதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. தாயைக் குறிக்கும் சொற்கள் உலகெங்கும் இப்படி ஒத்துப்போகும்.)

இந்தத் தன்மை விகுதி இல்லாமல் துருக்கியில் யாரையும் மரியாதையாக விளிப்பதே கடினம். ஆசிரியரை ‘ஹொஜாம்’ (என் ஆசானே) என்பார்கள். பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர்கள் தங்களுக்குள்ளும் அப்படி அழைத்துக்கொள்வதைக் கேட்கலாம். படையில் மேலதிகாரியை ‘கொமுத்தானும்’ (என் தளபதி) என்றே விளிக்க வேண்டும். தொலைபேசியை எடுத்ததும் ‘எஃபெந்திம்’ என்கிறார்களே, அதுவும் ‘என் ஐயா’தான்.

இப்போது துண்டுகளின் வரிசைக்கு வருவோம். அடிச்சொல், பன்மை, உடைமை, வேற்றுமை என்பதே வரிசை, இது மாறாது. ‘எவ்-லெர்-இமிஸ்-தென்’ என்பது ‘வீடு-கள்-எம்-இலிருந்து’, அதாவது எங்கள் வீடுகளிலிருந்து. ‘வீடுகளிலிருந்து’ என்று நாம் பன்மைக்குப் பின் உருபை வைப்பதைப் போலவே அவர்களும் வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அறை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சொல்லைப் பிரிக்கும்போது வலக்கோடியிலிருந்து உரியுங்கள்: முதலில் வேற்றுமையைக் கழற்றுங்கள், அடுத்து உடைமை விகுதி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பன்மை. இடப்பக்கமிருந்து தொடங்கினால் ‘எவின்’ வரை வந்ததும் ‘வீட்டின்’ என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். மீதமிருக்கும் ‘தெ’யை எங்கே வைப்பதென்று தெரியாது. ஆறாம் வேற்றுமை உருபுக்குப் பின் ‘தெ’ வராது. ஆகவே ‘எவிந்தெ’ என்பதில் உள்ள ‘இன்’ ஆறாம் வேற்றுமையாக இருக்கவே முடியாது என்பது தெளிவு.

அப்படியானால் அது என்ன? இரண்டு வாய்ப்புகள். ஒன்று, ‘எவ்-இன்-தெ’: வீடு, முன்னிலை விகுதி, ‘இல்’. மற்றொன்று, ‘எவ்-இ-ந்-தெ’: வீடு, படர்க்கை விகுதி, நடுவே ஒரு நகர மெய், பிறகு ‘இல்’. இந்த நகரம்தான் துருக்கிப் பெயர்ச்சொல்லின் மிக நுட்பமான உறுப்பு. படர்க்கை உடைமை விகுதிக்குப் பின் எந்த வேற்றுமை உருபு வந்தாலும் இது இடையில் தோன்றும்: ‘எவினி’ (அவர் வீட்டை), ‘எவினெ’ (அவர் வீட்டுக்கு), ‘எவிந்தென்’ (அவர் வீட்டிலிருந்து), ‘எவினின்’ (அவர் வீட்டின்). இவை எல்லாமே ‘உன் வீட்டை’, ‘உன் வீட்டுக்கு’ முதலியனவாகவும் பொருள்படும் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த நகரத்தை விளக்குவது எளிது: இது சாரியை. ‘அவை’ என்பது ‘ஐ’ ஏற்கும்போது ‘அவற்றை’ என்று நடுவே ‘வற்று’ வருகிறதே, ‘மரம்’ என்பது ‘மரத்தை’ என்று ‘அத்து’ பெறுகிறதே, அந்த இனம். உயிர்களுக்கிடையே ஒலிக்காக மட்டும் வரும் உடம்படுமெய் துருக்கியிலும் தனியாக உண்டு. அது நம்மைப் போலவே யகரம். கார் என்னும் பொருளுள்ள ‘அரபா’ இரண்டாம் வேற்றுமையில் ‘அரபாயு’, நான்காம் வேற்றுமையில் ‘அரபாயா’. ‘மணி’ என்பது ‘மணியை’ ஆவது போலத்தான் இது. ஆனால் ‘எவிந்தெ’யில் இகரத்துக்குப் பின் வருவது மெய்யெழுத்தில் தொடங்கும் ‘தெ’; அங்கே ஒலிக்காக எதுவும் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்திலும் நகரம் வந்து நிற்கிறது என்பதே அது உடம்படுமெய் அன்று, சாரியை என்பதற்குச் சான்று. பல பாடநூல்கள் இரண்டையும் ‘இடைநிலை மெய்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகின்றன. மாணவர்களின் குழப்பத்தில் சரிபாதி அங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

உயிரில் முடியும் சொற்களில் குழப்பமே இல்லை என்பதையும் பாருங்கள். அங்கே முன்னிலை விகுதி வெறும் ‘ன்’. படர்க்கை விகுதியோ ‘ஸு’ அல்லது ‘ஸி’. உன் கார் ‘அரபான்’, அவர் கார் ‘அரபாஸு’. உன் காரில் ‘அரபாந்தா’, அவர் காரில் ‘அரபாஸுந்தா’. மெய்யில் முடியும் சொற்களில் மட்டுமே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தச் சாரியை எவ்வளவு உயிருள்ளது என்பதை இஸ்தான்புல்லின் பெயர்ப்பலகைகளே காட்டும். அந்த நகரத்தில் ‘கதுக்கொய்’ என்று ஒரு பகுதி உண்டு. காஜியின் ஊர் என்று பொருள். கதுக்கொய்யில் என்பது ‘கதுக்கொய்தெ’. ‘பெயோலு’ என்று இன்னொரு பகுதி. ‘பிரபுவின் மகன்’ என்று பொருள், இறுதியில் உள்ள உகரம் படர்க்கை விகுதி. அங்கே என்று சொல்ல ‘பெயோலுதா’ என்றால் தவறு; ‘பெயோலுந்தா’ என்றே சொல்ல வேண்டும். தக்ஸிமில் என்றால் ‘தக்ஸிம்தெ’. ஆனால் அதன் மைதானத்தில் என்றால் ‘தக்ஸிம் மெய்தானுந்தா’, ஏனெனில் அதன் பெயர் ‘தக்ஸிம் மெய்தானு’ — தக்ஸிமின் ‘அதன்-மைதானம்’. கலாத்தா பாலத்தின் பெயரும் ‘கலாத்தா கொப்ருஸு’. பாலம் என்பது வெறும் ‘கொப்ரு’தான். இஸ்தான்புல் பல்கலைக்கழகம் ‘இஸ்தான்புல் உனிவெர்ஸிதெஸி’. ஊர்ப்பெயரின் பொருள் தெரியாத வெளியூர்க்காரர்கூட, பெயருக்குள் ஒரு பழைய உடைமை விகுதி ஒளிந்திருக்கிறதா என்பதை ‘தா’வுக்குமுன் நகரம் வருகிறதா என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பெயர்கள் நம்மை உங்கள் இரண்டாம் கேள்விக்குக் கொண்டுவருகின்றன: ‘இன்’ உருபு இருக்கும்போது இன்னொரு விகுதி ஏன்? துருக்கியில் உடைமைத் தொடர் இரு முனையிலும் முடிச்சிடப்படும். உடையவர் ஆறாம் வேற்றுமை ஏற்பார், உடைமைப்பொருள் இட விகுதி ஏற்கும். ‘சொஜூன் கித்தாபு’ என்றால் ‘அந்தக் குழந்தையின் அதன்-புத்தகம்’. (குழந்தை ‘சொஜுக்’; இறுதிக் ககரம் உயிருக்குமுன் கரைந்து நீண்டுவிட்டது. ‘கித்தாப்’ என்பதன் இறுதியும் உயிருக்குமுன் மெலிந்து ‘கம்பு’ என்பதில் உள்ள பகரமாகிவிட்டது.) தமிழில் ‘குழந்தையின் புத்தகம்’ என்று ஒரு முனையில் மட்டும் முடிச்சிடுகிறோம், ‘புத்தகம்’ எந்த மாற்றமும் அடைவதில்லை. தமிழர் துருக்கியில் எழுதும்போது மிகுதியாகச் செய்யும் பிழை இதனால்தான்: ‘சொஜூன் கித்தாப்’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். துருக்கியர் காதுக்கு அது பாதியில் அறுந்த தொடராக ஒலிக்கும். பேச்சில் ‘பிஸிம் எவ்’ (நம்ம வீடு) என்பது போலத் தன்மைப் பன்மையில் விகுதியை விட்டுவிடும் வழக்கம் உண்டு என்றாலும், அது குடும்பத்துப் பேச்சு. படர்க்கைக்கு நீட்ட முடியாது.

இரு முனைகளில் எது இன்றியமையாதது என்று கேட்டால், உடைமைப்பொருளின் முனைதான். முன்முனையின் ‘இன்’ விடுபடலாம்; விடுபட்டால் பொருள் மாறும். ‘சொஜூன் கித்தாபு’ ஒரு குறிப்பிட்ட குழந்தையின் புத்தகம். ‘சொஜுக் கித்தாபு’ என்றால் குழந்தை இலக்கியம், கடையில் அந்த அலமாரியில் இருக்கும் எதுவும். பின்னதில் உடையவரே இல்லை, வகைப்பெயர்தான் உண்டு. இருந்தும் விகுதி அப்படியே இருக்கிறது. மேலே பார்த்த பாலம், மைதானம், பல்கலைக்கழகம் எல்லாம் இந்த இரண்டாம் வகை. படுக்கையறை ‘யத்தக் ஒதாஸு’, படுக்கை-அதன்அறை. என் படுக்கையறை என்றால் அந்த ‘ஸு’வை எடுத்துவிட்டு ‘யத்தக் ஒதாம்’ என்பார்கள். ஒரு பெயரில் இரண்டு உடைமை விகுதிகள் அடுக்கி வருவதில்லை. அவர் படுக்கையறையும் வெறும் படுக்கையறையும் அதனால் ஒரே ‘யத்தக் ஒதாஸு’தான்.

இடப்பொருள் தரும் சொற்களும் இதே அமைப்பில்தான் நிற்கின்றன. ‘வீட்டின் உள்ளே’ என்பது ‘எவின் இச்சிந்தெ’, அதாவது ‘வீட்டின் அதன்-உள்ளில்’. இங்கே ‘எவின்’ ஆறாம் வேற்றுமைதான் என்பதை எப்படி அறிவது? அடுத்துவரும் சொல்லில் படர்க்கை விகுதி இருக்கிறது. அது தன் உடையவரைத் தேடுகிறது. பின்னால் அப்படியொரு துணை இல்லாமல் ‘எவின்’ தனியே நின்று, ‘எவின் கொனுமு’ (வீட்டின் இருப்பிடம்) போன்ற தொடரிலும் சேராமல் இருந்தால், அது ‘உன் வீடு’. நடைமுறையில் வாசிப்பவர் கண் செய்வது இந்த ஒரே சோதனையைத்தான்.

‘எனக்குக் கார் உண்டு’ என்பதும் உடைமை விகுதியால்தான் சொல்லப்படுகிறது. ‘அரபாம் வர்’ — என்-கார் உண்டு. இல்லையென்றால் ‘அரபாம் யொக்’. வினையாக மாறாமல் நிற்கும் இந்த ‘வர்’, ‘யொக்’ இரண்டும் நம் ‘உண்டு’, ‘இல்லை’ போலவே இயங்குவதால் தமிழர் இதை ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். ஆனால் நம் நான்காம் வேற்றுமையைக் கொண்டுவந்து ‘பனா அரபா வர்’ என்று சொல்லிவிடுவார்கள். அது ‘எனக்கென்று ஒரு கார் வைத்திருக்கிறார்கள்’ என்பது போல ஒலிக்கும். உடைமையைச் சொல்ல ‘பெனிம் அரபாம் வர்’ வேண்டும்.

‘எவி’ என்பதிலும் இதே போன்ற மயக்கம் உண்டு: ‘வீட்டை’, ‘அவர் வீடு’. இதைத் தீர்க்க, இரண்டாம் வேற்றுமை எப்போது வெளிப்படும் என்று தெரிய வேண்டும். இங்கே தமிழர் பாக்கியசாலிகள். ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்னும் வேறுபாடு அப்படியே துருக்கியிலும் உண்டு: ‘கித்தாப் ஒக்குதும்’ என்றால் படிப்பதில் பொழுது போனது, ‘கித்தாபு ஒக்குதும்’ என்றால் நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகத்தைப் படித்தேன். உயர்திணையில்தான் கொஞ்சம் விலகல். நமக்கு மனிதரைக் குறிக்கும் பெயர் ‘ஐ’ இல்லாமல் வருவது அரிது. ‘பெண் பார்க்கிறார்கள்’, ‘ஆள் தேடுகிறேன்’ போன்ற தொடர்களில் மட்டும் வரும். ‘பெண்ணைப் பார்க்கிறார்கள்’ என்றால் பேச்சே வேறு. துருக்கியில் அந்த விதிவிலக்குதான் பொதுவிதி: ‘தொக்தொர் அருயொரும்’ என்றால் யாராவது ஒரு மருத்துவரைத் தேடுகிறேன், ‘தொக்தொரு அருயொரும்’ என்றால் அந்த மருத்துவரை. உடைமை விகுதி ஏற்ற பெயர் செயப்படுபொருளானால், அது குறிப்பிட்ட பொருள் என்பதால், ‘ஐ’யின் இடத்து உருபைப் பெரும்பாலும் ஏற்றே தீரும்: ‘எவிமி சத்தும்’ (என் வீட்டை விற்றேன்), ‘எவினி சத்து’ (அவர் தம் வீட்டை விற்றார்). ஆகவே ‘எவி சத்து’ என்று கண்டால் அது ‘வீட்டை விற்றார்’தான், ‘தம் வீட்டை’ என்றிருந்தால் சாரியையுடன் ‘எவினி’ வந்திருக்கும்.

மற்ற வேற்றுமைகளில் சிக்கல் உருபில் இல்லை. எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்பதில்தான். துருக்கியர் பஸ்ஸில் ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள்: ‘ஒத்தொபுஸெ பிந்திம்’. ஆசிரியரிடம் கேட்பதில்லை, ஆசிரியருக்குக் கேட்கிறார்கள். உன்னை நம்புவதில்லை, உனக்கு நம்புகிறார்கள். நாயைக் கண்டு பயப்படாமல் ‘நாயிலிருந்து’ பயப்படுவார்கள்: ‘கொப்பெக்தென் கொர்க்குயொரும்’. இந்தக் கடைசி விநோதம் நமக்கு மறந்துபோனதே தவிர அந்நியமன்று. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் அச்சமும் ஒன்று. ‘கள்ளரின் அஞ்சும்’ என்பது உரைமரபின் எடுத்துக்காட்டு. ஒப்பீடும் அப்படியே. ‘காக்கையின் கரிது’ என்ற பழைய தொடரை ‘காக்கையைவிட’ என்று இன்று மாற்றிவிட்டோம். துருக்கியர் இன்னும் ‘கர்தன் பெயாஸ்’ — பனியின் வெளிது — என்றே சொல்கிறார்கள்.

இத்தகைய ஒற்றுமைகளையும், ‘எவின்’, ‘வீட்டின்’ என்னும் இறுதிகளின் ஒத்த ஓசையையும் கண்டு இரு மொழிகளும் உறவு என்று முடிவு செய்துவிட வேண்டாம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் ‘சித்திய’ மொழிகள் என்று அவர் அழைத்த ஒரு பெரிய கூட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். துருக்கியும் அதில் அடக்கம். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. ஒட்டுநிலை மொழிகள் ஒரே வகையான சிக்கலுக்கு ஒரே வகையான தீர்வைத் தனித்தனியே கண்டடையும்.

உடைமை விகுதியின் வேலை பெயரோடு முடிவதில்லை. துருக்கியின் நீண்ட வாக்கியங்களைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். ‘நான் வந்ததை நீ அறிவாய்’ என்பது ‘பெனிம் கெல்தீமி பிலியொர்ஸுன்’. ‘கெல்தீமி’யில் வினையடி, வினையைப் பெயராக்கும் விகுதி, தன்மை உடைமை விகுதி, ‘ஐ’யின் உருபு ஆகிய நான்கும் அதே வரிசையில் நிற்கின்றன, எழுவாயாகிய ‘நான்’ ஆறாம் வேற்றுமைக்கு மாறி ‘என்னுடைய’ ஆகிவிட்டது. அதாவது ‘என்னுடைய வந்தது’ அறியப்படுகிறது. பெயரெச்சத்திலும் இதே கதை: நான் படித்த புத்தகம் ‘ஒக்குதூம் கித்தாப்’, நீ படித்த புத்தகம் ‘ஒக்குதூன் கித்தாப்’. தமிழ்ப் பெயரெச்சம் யார் படித்தார் என்பதைத் தன்னுள் காட்டாது. துருக்கியில் அது உடைமை விகுதியால் தெரிகிறது. ஆகவே முன்னிலை, படர்க்கை விகுதிகளைத் தொடக்கத்திலேயே திடமாகக் கற்காதவர்கள், பின்னால் செய்தித்தாள் வாக்கியம் ஒன்றில் யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று தெரியாமல் நிற்பார்கள்.

‘எவ்லெரி’ பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். ‘அவர்களின் வீடு’, ‘அவர்களின் வீடுகள்’, ‘அவரின் வீடுகள்’, ‘வீடுகளை’ என நான்கு பொருள்கள் அதற்கு உண்டு. ‘லெர்’ இரண்டு முறை அடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று விழுந்துவிடுவதால் வந்த வினை இது. சூழலைத் தவிர வேறு மருந்து கிடையாது.

பிற துருக்கிய மொழிகளிலும் இதே சட்டகம்தான், சில்லறை மாற்றங்களோடு. அசர்பைஜானியில் உயிரில் முடியும் பெயர் இரண்டாம் வேற்றுமையில் யகரத்துக்குப் பதில் நகரம் பெறும். சைபீரியாவின் சகா மொழி ஆறாம் வேற்றுமையையே இழந்துவிட்டது. வோல்கா ஆற்றங்கரைச் சுவாஷ் மொழியில் உடைமை விகுதிக்குப் பின்னால்தான் பன்மை வரும். இரண்டாம், நான்காம் வேற்றுமைகளும் அங்கே ஒன்றாகிவிட்டன. 732ஆம் ஆண்டைச் சேர்ந்த, மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் நிற்கும் குல் தெகின் கல்வெட்டின் மொழியில் ‘இல்’, ‘இலிருந்து’ இரண்டுக்கும் ‘தா’ என்னும் ஒரே உருபு போதுமாயிருந்தது.

இனி, நான் தள்ளிவைத்த விடை. பழந்துருக்கியில் முன்னிலை உடைமை விகுதியின் மெய் நகரம் அன்று, ஙகரம். நம் ‘அங்கே’ என்பதில் ககரத்துக்குமுன் நிற்கும் அதே ங். கசாக் மொழியில் இன்றும் உன் வீட்டில் என்பது ‘உயிங்-தெ’, அவர் வீட்டில் என்பது ‘உயிந்தெ’, குழப்பத்துக்கு இடமில்லை. உஸ்பெக்கில் படர்க்கைச் சாரியையே கிடையாது என்பதால் ‘உயிங்-தா’, ‘உயிதா’ என்று இன்னும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். உஸ்மானியர் அரபு எழுத்தில் எழுதிய காலத்தில் இந்த ஙகரத்தைக் ‘கெஃப்’ என்னும் எழுத்தாலும் படர்க்கையின் நகரத்தை ‘நூன்’ என்னும் எழுத்தாலும் எழுதினார்கள். ஆகவே காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தன. இஸ்தான்புல் பேச்சில் ஙகரம் நகரத்தோடு கலந்துவிட்டது. 1928 நவம்பர் 1ஆம் நாள் சட்டமான புதிய இலத்தீன் நெடுங்கணக்கு இஸ்தான்புல் உச்சரிப்பையே பின்பற்றியதால், ஙகரத்துக்கு அதில் தனி எழுத்து அமையவில்லை. இருந்த ஒரு வேறுபாடும் தாளிலிருந்து மறைந்தது. ஆறாம் வேற்றுமையின் ‘இன்’ முன்பு ஙகரத்தில் முடிந்ததே. அதனால்தான் ‘வீட்டின்’, ‘உன் வீடு’ என்னும் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் மயக்கம் உஸ்மானிய எழுத்திலும் இருந்தது.

அனதோலியாவின் பல வட்டார வழக்குகளில் இந்த ங் இன்னும் ஒலிக்கிறது. அங்கிருந்து வந்த ஒருவரிடம் நீங்கள் காட்டிய அதே ‘எவிந்தெ’யை இரு பொருளிலும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், இஸ்தான்புல்காரர் வாயில் ஒன்றாகக் கேட்பது அவர் வாயில் இரண்டாகப் பிரியக்கூடும். இஸ்தான்புல்காரரோ, ஐயம் வரும் என்று தோன்றினால் ‘ஸெனின் எவிந்தெ’ என்றோ ‘ஒனுன் எவிந்தெ’ என்றோ முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்.